துரோவாவில் அப்பம் பிட்ட இரவு எந்த நாளுக்குரியது?

புதிய ஏற்பாட்டிலுள்ள அப்போஸ்தலர் நடபடிகள் நூலின் இருபதாம் அதிகாரத்தில், ஏழாம் வசனம் தொடங்கிப் பன்னிரண்டாம் வசனம் வரையுள்ள ஆறு வசனங்கள், சிறிய ஆசியாவின் வடமேற்குக் கரையிலிருந்த துரோவா என்னும் துறைமுக நகரத்து மாடி அறையில் ஓர் இரவு நடந்ததைச் சொல்கின்றன. வாரத்தின் முதல் நாளன்று அப்பம் பிட்பதற்காகச் சீடர்கள் கூடியிருக்கிறார்கள். மறுநாள் பயணம் புறப்பட இருந்த பவுல் நள்ளிரவு வரை பேச்சை நீட்டுகிறார். விளக்குகள் பல எரியும் அந்த அறையின் சன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்னும் வாலிபன் தூக்கம் மேலிட்டு மூன்றாம் தளத்திலிருந்து விழுகிறான். இறந்துவிட்டான் என்று தூக்கப்பட்டவனைப் பவுல் இறங்கிச் சென்று அணைத்து, உயிர் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மீண்டும் மேலேறி அப்பத்தைப் பிட்டு உண்டு, விடியும்வரை பேசியிருந்து புறப்படுகிறார். செய்தி இவ்வளவே. ஆயினும் எந்த நாளில் கூடித் தொழுவது, எத்தனை நாளைக்கு ஒருமுறை அப்பம் பகிர்வது, ஒரு நாள் எந்த நேரத்தில் தொடங்குகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் இந்த ஆறு வசனங்களையே சான்றாகக் காட்டி, ஒன்றுக்கொன்று நேர் எதிரான முடிவுகளுக்குக் கிறிஸ்தவ சபைகள் வந்திருக்கின்றன.

சிக்கலின் வேர் நூலாசிரியர் லூக்கா சொல்லாமல் விட்ட ஒரு விவரத்தில் இருக்கிறது. யூதர்களின் வழக்கப்படி ஒரு நாள் சூரியன் மறைந்ததும் தொடங்கி அடுத்த அந்தியில் முடிகிறது. ஆகவே வாரத்தின் ஏழாம் நாளாகிய ஓய்வுநாள், அதாவது சபாத்து, வெள்ளிக்கிழமை அந்தியில் பிறந்து சனிக்கிழமை அந்தியில் முடிய, வாரத்தின் முதல் நாளுக்குரிய இரவு என்பது இன்றைய பேச்சில் சனிக்கிழமை இரவாகிறது. உரோமர்களின் சட்டக் கணக்கில் நாள் நள்ளிரவில் மாறியது. அந்தக் கணக்கில் முதல் நாளின் இரவு ஞாயிறு இரவு. பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில் பிறக்கும் என்றும், பயணச்சீட்டில் அது நள்ளிரவில் பிறக்கும் என்றும் இரண்டையும் ஒருசேர வைத்துக்கொண்டு, இரவு 12.10 மணி ரயிலுக்கு ஒரு நாள் தாமதமாக நடைமேடைக்கு வந்து நிற்பவர்களைக் கண்ட தமிழ் வாசகருக்கு, இந்தக் குழப்பம் எப்படி எழும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சனி இரவு என்று கொண்டால், விடிந்தபின் பவுல் தம் தோழர்களைக் கப்பலில் அனுப்பிவிட்டு ஆசோ பட்டணம் வரை தரைவழியாகத் தனியே நடந்து சென்றது ஞாயிற்றுக்கிழமை பகலில் நிகழ்ந்ததாகிறது. ஒரு பகலின் பெரும்பகுதியை விழுங்கும் அந்த நடையை அன்று அவர் மேற்கொண்டார் என்றால், ஞாயிறு அவருக்கு ஓய்ந்திருந்து தொழும் நாளாக இருக்கவில்லை என்பது ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையார் நெடுங்காலமாக முன்வைத்து வரும் வாதம். ஞாயிறு இரவு என்று கொண்டால், தொடக்கக் காலச் சீடர்கள் ஞாயிறுதோறும் அப்பம் பிட்கக் கூடினார்கள் என்பதற்கு வேதாகமத்திலேயே வெளிப்படையான முன்மாதிரி கிடைத்துவிடுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் அலெக்சாண்டர் காம்பெல் முதலியோர் தொடங்கிய சீரமைப்பு இயக்கத்திலிருந்து வளர்ந்த கிறிஸ்துவின் சபைகள், வாரந்தவறாமல் ஞாயிறன்று திருவிருந்து நடத்துவதற்கு இந்த வசனத்தையே முதன்மைச் சான்றாகக் கொள்கின்றன. முன்னவர்கள் வசனத்தின் முதற்பாதியாகிய நாளைப் பற்றிக்கொள்ள, பின்னவர்கள் பிற்பாதியாகிய அப்பத்தைப் பற்றிக்கொள்கிறார்கள். நாளை அவ்வளவு நுட்பமாகக் கணக்கிடும் அட்வென்டிஸ்டுகள் புளிப்பில்லாத அப்பமும் புளிக்காத திராட்சைச் சாறும் கொண்ட தங்கள் திருவிருந்தை, ஒருவர் காலை ஒருவர் கழுவும் சடங்கோடு சேர்த்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடத்துவதே பொதுவான வழக்கம் என்பது இங்கே கவனிக்கத் தக்கது.

லூக்காவின் எழுத்துப் பழக்கத்தைக் கொண்டு முடிவு காண முயன்ற உரையாசிரியர்களுக்கும் ஒருமித்த விடை கிடைக்கவில்லை. தம் சுவிசேஷத்தில் இயேசுவின் அடக்கத்தை விவரிக்கும் இடத்தில், வெள்ளிக்கிழமை அந்தியில் ஓய்வுநாள் நெருங்கிவந்தது என்று யூதக் கணக்கிலேயே அவர் எழுதுகிறார். ஆனால் நடபடிகள் நூலின் நான்காம் அதிகாரத்தில், மாலையாகிவிட்டதால் பேதுருவும் யோவானும் மறுநாள் வரை காவலில் வைக்கப்பட்டார்கள் என்று சொல்லும்போது, இரவுக்குப் பின்வரும் பகலையே மறுநாள் என்று குறிக்கிறார். துரோவாவிலும் பவுல் மறுநாள் புறப்பட இருந்தார் என்றே சொல்லப்படுகிறது. அந்தியிலேயே முதல் நாள் தொடங்கிவிட்டது என்றால் அடுத்து வரும் விடியலும் அதே முதல் நாளுக்குள்தானே அடங்க வேண்டும், அதை மறுநாள் என்பானேன் என்ற கேள்வி ஞாயிறு இரவுக்குச் சாதகமாக நிற்கிறது. யோவான் சுவிசேஷம் உயிர்த்தெழுதல் நாளின் மாலையை இன்னும் வாரத்தின் முதல் நாளாகவே குறிப்பிடுவதும் இந்தப் பக்கத்துக்கே வலுச்சேர்க்கிறது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. பெந்தெகொஸ்தே திருவிழாவுக்குள் எருசலேம் போய்ச்சேர வேண்டும் என்று விரைந்துகொண்டிருந்த பவுல் துரோவாவில் ஏழு நாள் தங்கியதற்குக் காரணம், சபை கூடும் முதல் நாளுக்காகக் காத்திருந்ததே என்பர் ஞாயிறு தரப்பினர். ஏழு நாள் தங்கியவர் அந்த வாரத்து ஓய்வுநாளையும் அங்கேதான் கழித்திருக்க வேண்டும், இரவுக் கூட்டமோ பிரியும் நேரத்தில் வழியனுப்புவதற்காக நடந்த தனி நிகழ்வு என்பர் சனி தரப்பினர். நள்ளிரவுக்குப் பிறகு அப்பம் பிட்டது உரோமக் கணக்கில் திங்கட்கிழமைக்குள் விழுகிறதே என்ற தடைக்கு விடையாக, ஏழாம் வசனத்து அப்பம் திருவிருந்து, பதினோராம் வசனத்தில் பவுல் ஒருவர் மட்டும் உண்டதாகச் சொல்லப்படுவது பயணத்துக்கு முந்திய சாதாரண உணவு என்று பிரித்துக் காட்டுவோரும் உள்ளனர். ஒரே கதையில் நான்கு வசன இடைவெளியில் வரும் ஒரே செயலை இருவேறு பொருளில் படிப்பது திறமையான விளக்கமே. ஆனால் நாட்காட்டியைக் காப்பாற்ற வேண்டிய தேவை இல்லாத வாசகர் எவரும் அந்தப் பிரிவினையைத் தாமாகச் செய்திருக்க மாட்டார்.

ஆறு மணியா, அந்தியா?

ஏழாம் நாளே ஓய்வுநாள் என்று ஒப்புக்கொண்டவர்களுக்குள்ளும் அது எந்த நேரத்தில் தொடங்குகிறது என்ற பூசல் எழுந்தது. 1844-இல் இயேசு மீண்டும் வருவார் என்று எதிர்பார்த்து ஏமாந்த அமெரிக்க விசுவாசிகள் சிலர், ஏழாம் நாள் பாப்திஸ்துகளிடமிருந்து சனிக்கிழமை ஆசரிப்பைக் கற்றுக்கொண்டனர். அவர்களுள் ஜோசப் பேட்ஸ் என்பவர் 1846-இல் ஏழாம் நாள் ஓய்வைப் பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டு அக்கொள்கையைப் பரப்பினார். பேட்ஸ் கப்பல் தலைவராக இருந்து ஓய்வுபெற்றவர். கடலோடிகளுக்கே உரிய கண்ணோட்டத்தில், ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் மாறும் சூரிய மறைவை வைத்து உலகம் முழுவதற்கும் பொதுவான நாளைக் குறிக்க முடியாது, நிலநடுக்கோட்டில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ மாலை ஆறு மணிக்கே சூரியன் மறைவதால் ஆறு மணியே எல்லோருக்கும் உரிய எல்லை என்று அவர் முடிவு செய்தார். திராட்சைத் தோட்டத்து வேலையாட்களைப் பற்றிய உவமையில் பதினோராம் மணிக்கு வந்தவர்கள் ஒரு மணி நேரம் உழைத்தபின் மாலையாயிற்று என்று வருவதும் அவருக்குத் துணைநின்றது, ஏனெனில் காலை ஆறிலிருந்து எண்ணினால் பன்னிரண்டாம் மணியின் முடிவு மாலை ஆறு. சூரிய உதயத்திலிருந்து ஓய்வுநாளைத் தொடங்கியவர்களும் சிலர் இருந்தனர்.

ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆறு மணி வழக்கமே நிலவிற்று. கேள்விகள் ஓயாததால், பின்னர் அட்வென்டிஸ்ட் சபையாக வளர்ந்த இந்த இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் ஒயிட், இருபத்தாறு வயதே ஆகியிருந்த ஜான் ஆண்ட்ரூஸிடம் வேதாகமத்தை மட்டும் வைத்து இதை ஆராயுமாறு பொறுப்பளித்தார். மாலை என்ற சொல் வரும் இடங்களை ஆண்ட்ரூஸ் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார். லேவியராகமத்தின் இருபத்து மூன்றாம் அதிகாரம் ஒரு சாயங்காலம் தொடங்கி மறு சாயங்காலம் வரை ஓய்வை ஆசரிக்கச் சொல்கிறது. அதே நூலில் தீட்டுப்பட்டவன் மாலைவரை தீட்டுள்ளவன் என்றும், சூரியன் மறைந்ததும் சுத்தமாவான் என்றும் வருகிறது. மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரமோ மாலையையும் சூரிய மறைவையும் ஒரே மூச்சில் சொல்லி, ஓய்வுநாள் முடியக் காத்திருந்த மக்கள் அப்போதுதான் நோயாளிகளைச் சுமந்துவந்ததைக் காட்டுகிறது. 1855 நவம்பரில் மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக் நகரில் கூடிய மாநாட்டில் அவருடைய கட்டுரை படிக்கப்பட்டபோது பெரும்பாலோர் சூரிய மறைவுக்கு மாறினார்கள். பேட்ஸும், இறைவாக்கினராக மதிக்கப்பட்ட எலன் ஒயிட்டும் உடனே இசையவில்லை என்பதும், சில நாட்களில் எலன் ஒயிட் கண்ட தரிசனத்துக்குப் பிறகே ஒருமைப்பாடு ஏற்பட்டது என்பதும் அந்த இயக்கத்தாரே மறைக்காமல் பதிவு செய்த செய்திகள். லேவியராகம வசனம் வாராந்தர ஓய்வுநாளைப் பற்றியதன்று, ஆண்டுக்கு ஒருமுறை வரும் பாவநிவாரண நாளைப் பற்றியது என்று மறுப்போர் இன்றும் உண்டு. ஆனால் ஓய்வுநாளுக்கு முன் இருட்டத் தொடங்கியதும் எருசலேமின் வாசல்களை நெகேமியா அடைக்கச் சொன்ன செய்தி, வாராந்தர ஓய்வுநாளும் அந்தியில்தான் தொடங்கியது என்பதைத் தெளிவாகவே காட்டுகிறது.

அந்தி என்று முடிவானதும் பூகோளம் குறுக்கிட்டது. கோடையில் வாரக்கணக்கில் சூரியன் மறையாத வடதுருவப் பகுதியில் அந்தியை எப்படிக் குறிப்பது என்பது ஒருபுறம் இருக்க, பசிபிக் தீவுகளில் நாளே இடம்பெயர்ந்தது. வணிக வசதிக்காகச் சர்வதேசத் தேதிக்கோட்டின் மறுபக்கத்துக்கு மாறிய சமோவா நாடு 2011 டிசம்பர் 30-ஐத் தன் நாட்காட்டியிலிருந்து நீக்கியபோது, வியாழனுக்குப் பின் நேராகச் சனி வந்தது. படைப்பிலிருந்து ஏழு ஏழாக எண்ணிவரும் சுழற்சியை அரசாணை மாற்ற முடியாது என்று கருதிய அங்குள்ள அட்வென்டிஸ்ட் சபைத் தலைமை, பழைய எண்ணிக்கையில் ஏழாம் நாளாகவே தொடரும், இப்போது ஞாயிறு என்று பெயர்பெற்றுவிட்ட நாளில் கூடுவது என்று தீர்மானித்தது. டோங்காவில் அந்தச் சபையார் முன்னரே இவ்வாறுதான் கூடிவந்தனர். ஏற்க மனமில்லாத சமோவா விசுவாசிகள் சிலர் பிரிந்து, நாட்காட்டியில் சனி என்று அச்சிடப்பட்ட நாளிலேயே கூடலானார்கள். தேதிக்கோட்டின் பழைய பக்கத்திலேயே நின்றுவிட்ட அண்டைத் தீவான அமெரிக்க சமோவாவில் சனிக்கிழமை தொழுகை நடக்கும் அதே பகல், இங்கே ஞாயிற்றுக்கிழமை.

ஓய்வுநாளும் அப்பமும்

நாளையும் அப்பத்தையும் இருவேறு பொருள்களாகப் பிரித்து வாதிடுவது பிற்காலத்து வழக்கம். வேதாகமத்தில் இவ்விரண்டும் தொடக்கத்திலிருந்தே பிணைந்து கிடக்கின்றன. யாத்திராகமத்தில் ஓய்வுநாள் முதன்முதலாக ஓர் ஒழுங்காக அறிமுகமாகும் இடம் சீனாய் மலையில் கட்டளைகள் கொடுக்கப்பட்ட இடமன்று. அதற்கு முன்பே, வனாந்தரத்தில் வானத்திலிருந்து விழுந்த மன்னா என்னும் உணவைப் பற்றிய பதினாறாம் அதிகாரம். அன்றன்றைக்கு வேண்டிய அளவே பொறுக்க வேண்டும், மிச்சம் வைத்தால் புழுத்துப்போகும், ஆறாம் நாளில் மட்டும் இரட்டிப்பாகக் கிடைக்கும், ஏழாம் நாளில் வயலில் ஒன்றும் இராது. மிகுதியாகச் சேர்த்தவனுக்கு மிஞ்சவுமில்லை, கொஞ்சமாகச் சேர்த்தவனுக்குக் குறையவுமில்லை என்று அந்த அதிகாரம் வலியுறுத்திச் சொல்வதால், ஓய்வுநாள் என்பது வேலையை நிறுத்தும் சட்டமாக வருவதற்கு முன்பே பங்கீட்டு ஒழுங்கின் பகுதியாக வந்திருக்கிறது. யூத வீடுகளில் வெள்ளிக்கிழமை இரவு உணவு மேசையில் இரண்டு முழு அப்பங்கள் வைக்கப்படுவது அந்த இரட்டிப்புப் பங்கின் நினைவாகவே.

ஆசரிப்புக் கூடாரத்தில் பன்னிரண்டு சமுகத்தப்பங்கள், அதாவது இறைவனின் திருமுன் அடுக்கப்படும் அப்பங்கள், ஓய்வுநாள்தோறும் புதிதாக வைக்கப்பட்டன. எடுக்கப்பட்ட பழைய அப்பங்களை ஆசாரியர் மட்டுமே உண்ணலாம். பசியோடு வந்த தாவீது அந்த அப்பத்தை வாங்கி உண்டு தன்னோடிருந்தவர்களுக்கும் கொடுத்தான் என்ற நிகழ்ச்சியை இயேசு எங்கே எடுத்துக்காட்டுகிறார் என்று பார்த்தால், ஓய்வுநாளில் பயிர் வழியே நடந்த சீடர்கள் கதிர் கொய்து தின்றதைப் பரிசேயர்கள் குற்றமாகச் சொன்ன இடத்தில். நாளைப் பற்றிய குற்றச்சாட்டுக்குப் பசியையும் அப்பத்தையும் கொண்டு விடையளித்த இந்த இடத்தை, ஓய்வுநாள் நீங்கிவிட்டது என்பதற்குச் சான்றாக ஒரு சாராரும், ஓய்வுநாளை எப்படி ஆசரிப்பது என்று காட்டுவதால் அது நீடிக்கிறது என்பதற்குச் சான்றாக மறு சாராரும் படிக்கிறார்கள். இரு சாராரும் கதிர் கொய்த கைகளின் பசியைக் கடந்து விரைந்து போய்விடுகிறார்கள் என்றே சொல்ல வேண்டும்.

இரவிலிருந்து காலைக்கு

துரோவா கூட்டம் நடந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், கி.பி. 112 வாக்கில், கருங்கடல் கரையோர மாகாணத்தை ஆண்ட பிளினி என்னும் உரோம ஆளுநர் பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதம் கிறிஸ்தவர்களின் வார ஒழுங்கை வெளியாள் ஒருவரின் பார்வையில் காட்டுகிறது. அவர்கள் குறிப்பிட்ட ஒரு நாளில் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைப் பாடுகிறார்கள், கலைந்துபோய் மறுபடி கூடிச் சாதாரணமான, தீங்கற்ற உணவை உண்கிறார்கள். சங்கங்களுக்குத் தடை விதிக்கப்பட்டதும் இந்த இரண்டாம் கூட்டத்தை நிறுத்திவிட்டார்கள் என்று விசாரணையில் தெரியவந்ததாக அவர் எழுதுகிறார். அது எந்த நாள் என்று அவரும் சொல்லவில்லை. மாலை உணவோடு இணைந்திருந்த அப்பம் பிட்குதல் காலை வழிபாட்டுக்கு இடம்பெயர்ந்ததற்கு இத்தகைய தடைகளும் காரணமாயிருக்கலாம் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். அவ்வாறாயின் இன்று ஞாயிறு காலை நற்கருணை என்று வழங்கும் ஒழுங்கில் வேத வசனத்தோடு காவல்துறைக் கெடுபிடிக்கும் பங்குண்டு.

2-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஏறத்தாழ 155-இல், உரோமில் எழுதிய யுஸ்தீனு என்னும் இரத்தசாட்சி நாளை ஐயத்துக்கிடமின்றிக் குறிக்கிறார்: சூரியனின் நாளில் நகரத்திலும் நாட்டுப்புறத்திலும் உள்ளவர்கள் ஓரிடத்தில் கூடுகிறார்கள், வாசிப்பும் அறிவுரையும் மன்றாட்டும் முடிந்தபின் அப்பமும் தண்ணீர் கலந்த திராட்சரசமும் பகிரப்படுகின்றன, வர இயலாதவர்களுக்கு உதவிக்காரர்கள் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள், சேர்ந்த காணிக்கை அனாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறைப்பட்டோர் ஆகியோருக்குச் செல்கிறது. கான்ஸ்டன்டைன் பேரரசர் நகரவாசிகளுக்கு ஞாயிறு ஓய்வை 321-இல்தான் சட்டமாக்கினார் என்பதால், அதற்கு முந்திய தலைமுறைகளின் ஞாயிறு கூட்டங்கள் வேலைநாளில் நடந்தவை. அந்தச் சட்டத்துக்குப் பின்னும் சனிக்கிழமை மறைந்துவிடவில்லை. 5-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் சாக்ரடீஸ், உலகின் ஏறத்தாழ எல்லாச் சபைகளும் வாரந்தோறும் ஓய்வுநாளிலும் திருவிருந்து நடத்துகின்றன, அலெக்சாந்திரியாவும் உரோமும் மட்டுமே அதைக் கைவிட்டன என்றும், எகிப்தில் சிலர் ஓய்வுநாள் மாலையில் வயிறார உண்டபின் நற்கருணை பெறுகிறார்கள் என்றும் குறிப்பிடுகிறார். எத்தியோப்பியாவில் சனியையும் ஞாயிறையும் சேர்த்து ஆசரிக்க வேண்டும் என்று போராடிய எவொஸ்தாத்தியோஸ் என்னும் துறவியின் வழிவந்தோரின் கோரிக்கையை, பேரரசர் சரயாக்கோப் 1450-இல் கூட்டிய மாமன்றம் ஏற்றது. அந்தத் திருச்சபை இன்றும் இரு நாட்களையும் மதிக்கிறது.

மேற்குலகில் சனிக்கிழமை வேறொரு வடிவில் பூசலாயிற்று. உரோமில் சனியன்று நோன்பிருந்தார்கள். மிலான் நகரிலும் கிழக்கிலும் இருப்பதில்லை. இது குறித்துக் கசுலானு என்னும் குருவுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் இறையியலாளர் அகுஸ்தீன் துரோவா இரவையும் எடுத்துப் பேசுகிறார். ஓய்வுநாள் முடிந்த அந்தியில், ஞாயிறுக்குரியதாக ஏற்கெனவே கணக்கிடப்பட்ட இரவில், சீடர்கள் கூடியிருக்கக்கூடும் என்ற வாய்ப்பை அவர் எடுத்துக்காட்டுவதிலிருந்து, இன்றைய விவாதம் ஆயிரத்து அறுநூறு ஆண்டுப் பழமையுடையது என்பது விளங்கும். போகும் ஊரின் வழக்கத்தைக் கைக்கொள் என்று மிலான் பேராயர் அம்புரோசு தமக்குச் சொன்ன அறிவுரையோடு அகுஸ்தீன் நிறைவடைந்தார். பின்வந்தோர் நிறைவடையவில்லை. 1053-இல் கிழக்குச் சபையின் ஓக்ரிட் பேராயர் லியோ எழுதிய கடிதம் மேற்கின் இலத்தீன் சபையார்மீது சுமத்திய முதன்மையான குற்றங்கள் இரண்டு: யூதரின் பஸ்கா பண்டிகை முறைப்படி புளிப்பில்லாத அப்பத்தைப் பயன்படுத்துவது ஒன்று, சனிக்கிழமை நோன்பிருப்பது மற்றொன்று. இறுதி இராவுணவு பஸ்கா விருந்தே என்று முதல் மூன்று சுவிசேஷங்களைக் கொண்டு இலத்தீனரும், அது பஸ்காவுக்கு முந்திய இரவு என்று காட்டும் யோவானைக் கொண்டு கிரேக்கரும் தத்தம் அப்பத்தை நியாயப்படுத்தினர். ஆக அப்பத்தில் புளிப்பு உண்டா இல்லையா என்பதும் கடைசியில் நாட்கணக்கு வழக்காகவே முடிந்தது. அடுத்த ஆண்டு, 1054 ஜூலை 16-இல், கான்ஸ்டான்டினோப்பிளின் புனித சோபியா ஆலயப் பீடத்தின்மேல் உரோமத் தூதர்கள் சபைநீக்க ஆணையை வைத்துவிட்டு வெளியேறினார்கள்.

நாட்கணக்கில் ஒரு முரணும் உண்டு. ஞாயிறைக் கர்த்தருடைய நாளாகக் கொண்ட பழைய திருச்சபைகள், யூத ஓய்வுநாளை விட்டபின்பும் யூதரின் அந்திக் கணக்கை விடவில்லை. கிழக்கிலும் மேற்கிலும் ஞாயிறு வழிபாடு சனி மாலைச் செபத்தோடுதான் தொடங்குகிறது. கத்தோலிக்கத் திருச்சபை சனி மாலைத் திருப்பலியில் பங்கேற்பவர் ஞாயிறு கடமையை நிறைவேற்றியவராவார் என்ற ஏற்பாட்டை 1960-களில் பொதுவாக்கி, 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1248-ஆம் பிரிவில் உறுதிப்படுத்தியது. ஏழாம் நாள் ஆசரிப்பவர் தம் ஓய்வை முடித்து எழும் அதே அந்தியில், தெருவின் எதிர்ப்புறக் கோயிலில் ஞாயிறு பூசைக்கு மணி அடிக்கிறது.

எத்தனை முறை அப்பம் பிட்பது என்பதில் சீர்திருத்தச் சபைகள் தங்கள் தலைவர்கள் சொன்னதைவிட நகர மன்றங்கள் சொன்னதையே பின்பற்றின. வாரம் ஒருமுறையாவது வேண்டும் என்று கால்வின் வாதிட்டும், ஜெனீவா மன்றம் ஆண்டுக்கு நான்கு முறை என்றது. குருப்பட்டம் பெறாத விசுவாசிகளும் கூடி வாரந்தோறும் அப்பம் பிட்கலாம் என்ற கொள்கையோடு 1833-இல் இந்தியா வந்த ஆண்டனி நாரிஸ் குரோவ்ஸின் தொடர்பால், திருநெல்வேலிச் சீமையில் மிஷனரி ரேனியஸின் மாணவராயிருந்த அருளப்பன் 1840-இல் கிறிஸ்தியான்பேட்டையை நிறுவினார். குரோவ்ஸ் சார்ந்த பிரதரன் மரபின் சபைகளில் ஞாயிறு ஆராதனையை இன்றும் அப்பம் பிட்குதல் என்ற பெயராலேயே அழைக்கிறார்கள். அதே சீமையில் நாசரேத்து வட்டாரத்து அருமைநாயகம் சட்டாம்பிள்ளை 1857-இல் மிஷனரிகளை உதறித் தனிச் சபை கண்டபோது, ஐரோப்பியர் கொண்டுவந்த ஞாயிறை விட்டு வேதாகமத்திலுள்ள சனிக்கிழமை ஓய்வுநாளுக்குத் திரும்பினார். அட்வென்டிஸ்ட் மிஷனரிகள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பகுதிக்கு வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, தமிழர்கள் தாங்களே வேதத்தைப் படித்து எடுத்த முடிவு அது. ஆசரிப்பு நாளைத் தீர்மானிப்பது யார் அதிகாரத்தில் இருக்கிறது என்ற கேள்வியும் அதற்குள் இருந்தது.

துரோவா இரவைப் பொறுத்தவரை, மறுநாள் என்ற குறிப்பின் வலுவால் தராசு ஞாயிறு இரவின் பக்கம் சிறிது சாய்கிறது என்பதற்கு மேல் நேர்மையாகச் சொல்ல இயலாது. அந்தச் சிறிய சாய்வின்மேல் எந்தச் சட்டத்தையும் கட்ட முடியாது. அப்பமும் நேரமும் உண்மையாகவே மோதிய இடம் வேறொன்று. ஏறத்தாழ கி.பி. 54-இல் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதலாம் கடிதத்தின் பதினோராம் அதிகாரத்தில், சிலர் முந்திக்கொண்டு தங்கள் உணவை உண்டுவிட, ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறித்திருக்கிறான் என்ற கண்டிப்பு வருகிறது. 1970-களில் ஜெர்மன் அறிஞர் கெர்ட் தைசன் இதை வர்க்க வேறுபாடாக விளக்கினார்: வசதியுள்ளவர்கள் தங்கள் வீட்டில் தங்கள் தரத்துக்கேற்ற உணவோடு முன்னதாகவே பந்தியைத் தொடங்கினர், கூலியாட்களும் அடிமைகளும் வந்தபோது மிஞ்சியது அப்பமும் அவமானமும். உரோமர் வீட்டு உணவறையில் சாய்ந்து உண்ண ஏறத்தாழ ஒன்பது பேருக்கே இடமிருந்தது, மற்றவர்கள் முற்றத்தில் நின்றிருப்பார்கள் என்று ஜெரோம் மர்ஃபி ஓகானர் கொரிந்து அகழாய்வைக் கொண்டு காட்டினார். அவர் எடுத்துக்கொண்ட வீட்டின் காலத்தைப் பிறர் கேள்விக்குட்படுத்தினாலும், வேலை முடித்துத் தாமதமாக வந்தவர்களே பசியோடு நின்றார்கள் என்ற படிப்பு இன்றும் செல்வாக்குடையது.

அவர்களுக்குப் பவுல் கொடுத்த ஏற்பாடு, சாப்பிடக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்பது. புதிய ஏற்பாட்டில் அப்பம் பகிரும் நேரத்தைக் குறித்த நேரடியான கட்டளை என்று காட்டத்தக்கது இது ஒன்றே. அந்த அதிகாரத்தில் கிழமையின் பெயர் ஓரிடத்திலும் வரவில்லை.